குடல் இளகும் விதம்: நரம்புக் கடத்திகளும் நைத்திரிக் ஒட்சைட்டும்

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா கொடுத்த வீடுகளில், குடல் கழுவுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அறுத்து, உரித்து, வயிற்றைப் பிளந்து, தனியே எடுத்துத் தட்டில் போட்ட பிறகும் ஆட்டுக் குடல் சற்று நேரம் நெளிந்துகொண்டு கிடக்கும். "இன்னும் உயிர் போகல்லயா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உயிர் போய்விட்டதுதான். மூளையோடும் முள்ளந்தண்டோடும் இருந்த தொடர்பும் அறுந்துவிட்டது. ஆனாலும் குடல் அசைகிறது. குடல் தசைக்கென்று சொந்தமாக ஒரு துடிப்பு இருப்பது ஒரு காரணம். குடலின் சுவருக்குள்ளேயே ஒரு முழு நரம்புத் தொகுதி பின்னிக் கிடப்பது மற்றக் காரணம்.

நான் தமிழ் படித்துத் தமிழ் படிப்பிக்கிறவன். குடலைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் வகுப்பறைதான். கப்பல்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் "வயிறு கட்டிக் கிடக்கு சேர்" என்று வந்து நிற்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். வாழைப்பழம் தின்னு, தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்புவதோடு எல்லோர் அறிவும் நின்றுவிடுகிறது. எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், அவர் காட்டிய புத்தகங்களைப் புரட்டியும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மலம், மலவாசல் என்ற சொற்கள் வரும். வுளூவின் பாடத்தைக் கூச்சமில்லாமல் படித்து வளர்ந்த நமக்கு அதில் சங்கடம் இருக்கத் தேவையில்லை.

1899ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டு, குடலின் ஓரிடத்தை மட்டும் கிள்ளிப் பார்த்தார்கள். கிள்ளிய இடத்துக்கு மேலே குடல் இறுகியது, கீழே இளகியது. இதற்குக் 'குடலின் விதி' என்று பெயர் வைத்தார்கள். 1917இல் ஜேர்மனியரான ட்ரெண்டலன்பேர்க், கினிப்பன்றியின் குடல் துண்டு ஒன்றை உடம்புக்கு வெளியே இளஞ்சூடான உப்புக் கரைசலில் வைத்து, அது தானாகவே உள்ளிருப்பதைத் தள்ளும் என்று காட்டினார். குடல் சுவரில் இரண்டு அடுக்குத் தசைக்கு இடையில் ஒரு நரம்பு வலையும், உட்தோலுக்கு அடியில் இன்னொரு வலையும் இருக்கின்றன. மனிதக் குடலில் பத்துக் கோடிக்கு மேல் நரம்புக்கலங்கள் இருப்பதாகக் கணக்கு.

மேலே இறுக்கம், கீழே இளக்கம். இதில் முதற்பாதியைத்தான் பாடப்புத்தகமும் நாங்களும் கவனிக்கிறோம். குடல் 'தள்ளுகிறது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பற்பசைக் குழாயின் மூடியைக் கழற்றாமல் பிதுக்கிப் பாருங்கள். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் குழாய்தான் வெடிக்கும். துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மேடையில் கட்டி நிற்கிற கப்பல் கயிற்றை அவிழ்த்து இடம் விட்டால்தான் வெளியே காத்திருப்பது உள்ளே வரலாம். குடலிலும் முன்னால் இருக்கும் பகுதி இடம் விட வேண்டும். அந்த இடம் விடுதல் தசை களைத்துப்போய்ச் சும்மா தொங்குவது அல்ல. நரம்பு கட்டளையிட்டு நடப்பது. 'தளர்ச்சி' என்ற சொல்லை இதற்கு நான் விரும்பவில்லை. அதில் பலவீனத்தின் தொனி வந்துவிடுகிறது. ஆகவே 'இளகல்' என்றே எழுதுகிறேன்.

இளகச் சொல்லும் கட்டளையைக் கொண்டுபோவது எது என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்துக்கோ தசைக்கோ செய்தி சொல்ல ஒரு இரசாயனப் பொருளைக் கசிய விடுகிறது. அதுதான் நரம்புக் கடத்தி. அசற்றைல்கோலின் குடலை இறுக்கும், நோரட்ரினலின் அடக்கும் என்று இரண்டு பேரைத்தான் அறிந்திருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மெல்பேணில் ஜெஃப்ரி பேர்ன்ஸ்டொக் என்பவர் கினிப்பன்றியின் பெருங்குடல் தசையில் இந்த இரண்டையும் மருந்தால் தடுத்துவிட்டு நரம்பைத் தூண்டினார். தசை அப்போதும் இளகியது. அப்படியென்றால் மூன்றாவது ஆள் ஒன்று இருக்க வேண்டும். அவர் ஏ.ரி.பி. என்ற பொருளைச் சுட்டினார். அது பிழையில்லை, ஆனால் முழுக் கதையும் இல்லை. 1990இல் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் ஆய்வாளர்கள் நாயின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தை ஆராய்ந்து, இளகச் சொல்லும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்று அறிவித்தார்கள். நைதரசன் அணு ஒன்று, ஒட்சிசன் அணு ஒன்று. வாகனப் புகையில் இருக்கும் அதே வாயு.

புகையில் வரும் வாயு உடம்புக்குள் செய்தி சொல்கிறது என்பதை நம்புவதற்கு இருதயக்காரர்கள்தான் வழி திறந்திருந்தார்கள். இரத்தக் குழாயை விரிக்கும் மர்மப் பொருள் இந்த வாயுதான் என்று 1987இல் சல்வடோர் மொன்கடாவின் குழு காட்டியது. 1998இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது, ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் என்ற மூவருக்கு. மொன்கடாவுக்குக் கொடுக்கவில்லை, அது சரியில்லை என்று எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். நெஞ்சு வலிக்காரர் நாக்கின் கீழ் வைக்கும் குளிசை, நைத்திரோகிளிசரின், உடம்பில் இந்த வாயுவாக மாறித்தான் வேலை செய்கிறது. அல்பிரட் நோபல் டைனமைட் செய்தது அதே நைத்திரோகிளிசரினைக் கொண்டுதான். எங்கள் பக்கத்தில் டைனமைட் என்றால் களவாக வெடி போட்டு மீன் பிடிப்பதுதான் நினைவுக்கு வரும். நோபலுக்கும் கடைசிக் காலத்தில் இருதய வருத்தத்துக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தது அந்த நைத்திரோகிளிசரினைத்தான்.

மற்ற நரம்புக் கடத்திகள் முன்கூட்டியே செய்யப்பட்டு, நரம்பு நுனியில் சிறு சிறு பைகளில் காத்துக் கிடக்கும். செய்தி வந்தால் பை உடைந்து கொட்டும். நைத்திரிக் ஒட்சைட்டை அப்படிப் பையில் கட்ட முடியாது. எந்தச் சவ்வையும் ஊடறுத்துப் போய்விடும். சில விநாடிகளில் அழிந்தும் விடும். அதனால் தேவையான நேரத்தில், தேவையான இடத்தில், உடனுக்குடன் செய்யவேண்டிய சரக்கு இது. இடியப்பம் போல வைத்து விற்க ஏலாது. நரம்புக்கலத்துக்குள் இதற்கென ஒரு நொதியம் உண்டு. கலத்துக்குள் கல்சியம் நுழைந்து, கல்மொடியுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நொதியத்தைத் தட்டி எழுப்பும். எழுந்த நொதியம் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, ஒட்சிசனைச் சேர்த்து, சிற்றுலினாக மாற்றும்போது நைத்திரிக் ஒட்சைட்டு வெளிப்படும். அது பக்கத்துத் தசைக்குள் புகுந்து, அங்கே இன்னொரு நொதியத்தை முடுக்கிவிட, தசைக்குள் கல்சியம் குறைந்து தசை இளகும். ஆர்ஜினின் இறைச்சியிலும் மீனிலும் கச்சானிலும் நிறைய இருக்கிறது. அதற்காகக் கச்சான் தின்றால் மலச்சிக்கல் தீரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலத்துக்கு மூலப்பொருள் கிடைப்பதும், எப்போது செய்வது என்ற கட்டளை கிடைப்பதும் வேறு வேறு.

வாயுவைச் சேர்த்து வைக்க முடியாது என்றால், அதைச் செய்வதையே கட்டுப்படுத்த வேண்டும். அந்தக் கட்டுப்பாடு மற்ற நரம்புக் கடத்திகளின் கையில் இருக்கிறது. உணவுக் கவளம் குடல் சுவரில் உரசும்போது, உட்தோலில் உள்ள சில கலங்கள் செரட்டோனினைக் கசிய விடுகின்றன. மூளைக்குரிய பொருள் என்று செரட்டோனினைச் சொல்வார்கள். உடம்பிலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. அது உணர்நரம்பைத் தூண்ட, செய்தி இரண்டு பக்கமும் போகிறது. வாய்ப்பக்கம் போன செய்தி அசற்றைல்கோலினையும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளையும் தசைமேல் கொட்டி இறுக்குகிறது. மலவாசல் பக்கம் போன செய்தி, இடைநரம்புகள் வழியாக, நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நரம்புக்கலங்களைத் தொடுகிறது. அங்கேயும் செய்தி சொல்வதில் பெரும் பங்கு அசற்றைல்கோலினுக்குத்தான். தசைமேல் பட்டால் 'இறுகு' என்று பொருள். நரம்புக்கலத்தின் மேல் பட்டால் கல்சியக் கதவு திறந்து, 'இளக்குகிறதைச் செய்' என்று பொருள். ஒரு சொல் நிற்கும் இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறுவது தமிழ் ஆசிரியனுக்குப் புதிதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஜோன் கிரைடரும் மக்லூஃபும் 1980களிலும் 90களிலும் இதைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். இளகச் சொல்லும் நரம்புக்கலங்களின் மேல் எப்போதும் ஒரு கடிவாளம் கிடக்கிறது. அந்தக் கடிவாளத்தைப் பிடித்திருப்பவை ஒபியொயிட் வகைப் பொருளைச் சுரக்கும் வேறு நரம்புகள். உடம்பே செய்யும் அபின் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடல் விரியும்போது சோமற்றோஸ்ரற்றின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புகள் எழும்பி, ஒபியொயிட் நரம்புகளின் வாயை அடைக்கின்றன. அடைத்ததும் கடிவாளம் தளர்ந்து, இளகச் சொல்லும் நரம்புகள் வேலையைத் தொடங்குகின்றன. அதாவது ஒன்றைச் செய் என்று சொல்லாமல், செய்யாதே என்று சொல்கிறவனைப் பேசாதே என்று சொல்வது. இலக்கணத்தில் இரண்டு எதிர்மறை சேர்ந்து ஓர் உடன்பாடு ஆகும் என்று படிப்பிக்கிறோமே, 'வராமல் இரான்' என்றால் கட்டாயம் வருவான் என்று பொருளாகிறதே, அதே வாக்கியம்தான் இங்கே நரம்பில் எழுதப்படுகிறது.

இளகச் சொல்லும் நரம்புகள் நைத்திரிக் ஒட்சைட்டோடு இன்னொரு புரதத் துணுக்கையும் விடுகின்றன. அதன் சுருக்கப் பெயர் வி.ஐ.பி.; நம்மூர் வி.ஐ.பி.களைப் போலவே அதுவும் தனியே வருவதில்லை. வி.ஐ.பி. வந்தால் நைத்திரிக் ஒட்சைட்டு கூடும். நைத்திரிக் ஒட்சைட்டு கூடினால் வி.ஐ.பி. இன்னும் வரும். ஒன்றையொன்று தூக்கிவிடும் இந்த ஏற்பாடு இருப்பதால், தொடங்கிய இளகல் அரைகுறையாக நிற்பதில்லை.

இப்போது அபினுக்கு வருவோம். யூனானி வைத்தியத்தில் வயிற்றோட்டத்துக்கு அபின் சேர்ந்த மருந்து கொடுத்தது ஏன் பலித்தது என்பது இந்தக் கடிவாளத்தைத் தெரிந்தால் விளங்கும். வெளியிலிருந்து வந்த அபின், உள்ளே இருக்கும் ஒபியொயிட்டின் இடத்தில் போய்க் குந்திக்கொள்கிறது. இளகச் சொல்லும் நரம்பு அடங்குகிறது, தள்ளச் சொல்லும் நரம்பும் அடங்குகிறது. குடல் அங்கங்கே இறுகி, எதையும் முன்னால் போக விடாமல் நிற்கிறது. இன்றைக்கு வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் லொபெரமைட் குளிசையும் அதே பூட்டின் சாவிதான், மூளைக்குள் போகாத சாவி. புற்றுநோய் வலிக்கு மோர்ஃபின் எடுக்கும் நோயாளிகளுக்கும், கொடெயின் சேர்ந்த இருமல் மருந்தை நாட்கணக்கில் குடிக்கிறவர்களுக்கும் வயிறு கட்டிப்போவதற்குக் காரணமும் இதுவே. வலிக்காரர் வீட்டில் இருந்தால், வலி மருந்தோடு மலமிளக்கியும் வேண்டுமா என்று வைத்தியரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

நோன்பு திறக்கிற நேரத்திலும் இந்த வாயு வேலை செய்கிறது. வெறும் வயிறு சுருங்கிக் கிடக்கும். முதல் மிடறு கஞ்சி இறங்கும்போதே இரைப்பையின் மேற்பகுதி இளகி இடம் விடுகிறது. ஒரு லீற்றருக்கு மேல் உள்ளே போனாலும் உள்ளழுத்தம் பெரிதாக ஏறாது. சீனி வருத்தம் நாட்பட்டவர்கள் சிலர் "இரண்டு கவளத்தோட வயிறு நிறைஞ்சு போகுது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2000ஆம் ஆண்டு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீனி வருத்தம் உள்ள எலிகளின் இரைப்பையைப் பார்த்தபோது, நரம்புக்கலங்கள் சாகாமல் இருந்தன, ஆனால் அவற்றுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நொதியம் குறைந்துபோயிருந்தது. இன்சுலின் கொடுத்ததும் நொதியம் திரும்பி வந்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், சீனியைக் கட்டுப்படுத்துவது வயிற்றுக்கும் தேவை என்று சொல்ல இது ஒரு நல்ல சாட்சி.

இளகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில குழந்தைகள் பிறப்பிலேயே காட்டுகிறார்கள். ஏறத்தாழ 5,000 பிறப்புக்கு ஒரு பிள்ளைக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புக்கலங்களே இருப்பதில்லை. கோபன்ஹேகன் வைத்தியர் ஹேர்ஷ்ஸ்ப்ருங்கின் பெயரால் அழைக்கப்படும் வருத்தம் இது. நரம்பு இல்லாத பகுதி தளர்ந்து கிடக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. அந்தப் பகுதி இறுகியே கிடக்கிறது. அதற்கு மேலுள்ள நல்ல குடல் வீங்குகிறது. பிறந்த பிள்ளை இரண்டு நாளாகியும் முதல் மலம் கழிக்காவிட்டால் வைத்தியர்கள் இதைத்தான் சந்தேகிப்பார்கள். பிறந்து சில கிழமையில் குடித்த பாலையெல்லாம் பீறிட்டு வாந்தியெடுக்கும் பிள்ளைகளின் குடல்வாய்த் தசையில் நைத்திரிக் ஒட்சைட்டு நொதியம் இல்லை என்று 1992இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டு பொஸ்டனில் அந்த நொதியத்தின் மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளுக்கு இரைப்பை ஊதிப் பெருத்துப்போயிருந்தது.

இனி வகுப்பறைப் பிள்ளைகள். களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோரும் சகாக்களும் இலங்கையின் நான்கு மாகாணங்களில் எட்டுப் பாடசாலைகளில், 10 முதல் 16 வயது வரையான 2,694 மாணவரிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். 15.4 சதவீதமானவர்களுக்கு மலச்சிக்கல் இருந்தது. ஏழு பிள்ளைக்கு ஒன்று. 35 பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர். அதைவிட என்னை நிறுத்திய கணக்கு இன்னொன்று: யுத்தம் பாதித்த பிரதேசப் பிள்ளைகளில் 18.1 சதவீதம், மற்றப் பிரதேசங்களில் 13.7 சதவீதம். ஷெல் சத்தத்தையும் இடம்பெயர்வையும் அனுபவித்த பகுதி எங்களுடையது. அதனால் இந்த எண்களை வெறும் எண்களாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

யுத்தம் இந்தப் பிள்ளைகளின் குடல் நரம்பில் நைத்திரிக் ஒட்சைட்டைக் குறைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆய்வு பிள்ளைகளிடம் கேள்வி கேட்டது, நரம்பைப் பார்க்கவில்லை. பயத்துக்கும் குடலுக்கும் வழி இருக்கிறது என்பது மட்டும் உறுதி. பயத்தில் சுரக்கும் நோரட்ரினலின், குடல் நரம்புகளை அடக்குகிறது. அதே பயம் மூளை வழியாக வேறொரு பொருளைச் சுரக்கச் செய்து பெருங்குடலை விரட்டுவதும் உண்டு. பரீட்சை நாளில் சிலர் கக்கூசுக்கு ஓடுவதும் சிலருக்கு வயிறு கட்டிப்போவதும் இதனால்தான்.

இன்னொரு வழி பயத்தைவிடச் சாதாரணமானது. மலவாசலில் இரண்டு இறுக்கிகள் உண்டு. உள்ளிறுக்கி நம் சொல் கேட்காது. மலம் வந்து பெருங்குடலின் கடைசிப் பகுதியை விரித்ததும், நரம்பு நைத்திரிக் ஒட்சைட்டைச் செய்ய, அது தானாக இளகிவிடும். வெளியிறுக்கி நம் சொல் கேட்கும். வகுப்பில் இருக்கும் பிள்ளை அதை இறுக்கிப் பிடிக்கிறது. ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் காரணங்கள் எங்களிடமே இருக்கின்றன: கக்கூசுக்குக் கொண்டி இல்லை, தண்ணீர் வாளி இல்லை, பாடம் முடியும்வரை இரு என்று ஆசிரியர் சொன்னார், பெரிய பிள்ளைகள் கதவைத் தட்டிச் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் பிடித்தால் குடல் விரிந்து கொடுத்து, உந்துதல் அடங்கிவிடும். உள்ளே நின்ற மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது கல்லாகும். அடுத்த நாள் போகும்போது மலவாசல் வெடித்து நோகும். நொந்த பிள்ளை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். கிழமைக்கணக்கில் இப்படிப் போனால் கடைசிக் குடல் நிரந்தரமாக விரிந்து, மலம் வந்து நிற்பதே தெரியாமல் போகும். பிறகு உள்ளாடையில் கசியும். அதைக் கண்டு வீட்டில் அடிக்கிறார்கள். பிள்ளைக்கோ அது கசிவதே தெரியாது.

மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்று மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிறோம். தொழுகைக்கே அனுமதிக்கப்படாத அடக்கலைக் கணிதப் பாடத்துக்காகப் பிள்ளையிடம் கேட்பது எனக்கு விளங்காத காரியம்.

வெடித்த மலவாசலைக் கண்டதும் நம்மவர்கள் 'மூலம்' என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் வெடிப்பு. பெரியவர்களின் நாட்பட்ட வெடிப்புக்கு வைத்தியர்கள் கொடுக்கும் பூசுமருந்துகளில் ஒன்று 0.2 சதவீத நைத்திரோகிளிசரின். நெஞ்சு வலிக் குளிசையின் மருந்துதான். அது நைத்திரிக் ஒட்சைட்டாக மாறி உள்ளிறுக்கியை இளக்க, அங்கே இரத்தம் ஓடி வெடிப்பு ஆறுகிறது. தலையிடி வரும், மூளையின் இரத்தக் குழாயும் சேர்ந்து விரிகிறது என்பதால். பிள்ளைகளுக்கு இதைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசக்கூடாது. அவர்களுக்கு முதலில் தேவை மலத்தை இளக்கும் மருந்தும், போய் இருப்பதற்கு நேரமும்.

நேரம் என்பதற்கும் உடம்பில் ஒரு கணக்கு உண்டு. காலைச் சாப்பாடு இரைப்பையை விரித்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். சாப்பிட்டு முடிந்து பத்து நிமிடம் பிள்ளையைக் கக்கூசில் இருத்தினால் அந்த அசைவு வீணாகாது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது, ஆறரைக்கே பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், காலையில் வெறும் தேத்தண்ணியோடு போகிற பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று தாய்மார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அப்படியென்றால் அந்தப் பத்து நிமிடத்தை இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடசாலை கொடுக்க வேண்டியிருக்கும், கொண்டி உள்ள கதவோடும் தண்ணீரோடும். மருந்து தொடங்கிய பிள்ளைக்கு அதைக் குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், சரியான பிறகும் ஒரு மாதம் விட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது சிறுபிள்ளை வைத்தியர்களின் வழிகாட்டல். நான் கண்ட பெற்றோர் சிலர் முதற் கிழமையில் வயிறு போனதுமே போத்தலை மூடி வைத்துவிட்டார்கள். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கு வேண்டும்.